வங்கி மீது புகார் கொடுக்க ஒரு வருடமா, இரண்டு வருடமா? எந்தத் தேதியிலிருந்து?

அண்ணாச்சி கொண்டுவந்தது ஒரு துணிக்கடைப் பை. உள்ளே பென்ஷன் கணக்குப் பாஸ்புக், மை மங்கிய ஏடிஎம் சீட்டுகள், ரப்பர் பேண்டு போட்ட ரசீதுக் கட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஓரம் மட்டும் கிழிக்கப்பட்ட தடித்த கூரியர் உறை ஒன்று. 2023 டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்தக் காகிதங்களைத் தேதிவாரியாக விரித்து வைத்தேன். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல்.

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2022 மார்ச் 14 அன்று, முதிர்ந்த ஒரு லட்ச ரூபாய் டெபாசிட்டைப் புதுப்பிக்க வங்கிக்குப் போயிருக்கிறார். "இதைவிட நல்ல டெபாசிட் இருக்கு சார்" என்று சொல்லி நாலைந்து இடத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அது டெபாசிட் இல்லை. ஆயுள் காப்பீட்டுப் பாலிசி, வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் ஐந்து வருடம் கட்ட வேண்டியது. 2023 மார்ச் 14 அன்று இரண்டாவது லட்சம் கணக்கிலிருந்து தானாகவே போய்விட்டது. அது மகள் வளைகாப்புக்கு எடுத்து வைத்த பணம். ஏப்ரல் 18 அன்று பாஸ்புக்கில் வரவு செலவு பதியப் போனபோதுதான் அவருக்கே தெரியும்.

அன்று தொடங்கி எட்டு மாதம் மேனேஜரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் "பாத்துக்கலாம் சார், மேலே எழுதியிருக்கேன்" என்ற பதில். அண்ணாச்சி தன் கையால் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை.

"கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு ரெண்டு வருசம் டைம்னு பேப்பர்ல போட்டிருந்தான். ஏப்ரல்லதான தெரிஞ்சுது? இன்னும் நெறைய டைம் இருக்குல்லா தம்பி?"

என்னிடம் மனு எழுத வருகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். எத்தனை வருடம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதைத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வங்கிப் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம், 2021ஆம் ஆண்டுத் திட்டப்படி, ஒரு வருடம், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருடம், கன்ஸ்யூமர் கோர்ட் என்கிற நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடம். படித்ததும் மூன்றாவதுதான் தாராளம் என்று தோன்றும். அண்ணாச்சிக்கு முதலில் மூடும் அபாயத்தில் இருந்த கதவு அந்த மூன்றாவதுதான்.

எழுதிக் கொடுத்தால்தான் புகார்

மூன்று வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் குறைதீர்ப்பாளர்கள் இருவருக்கும் பொதுவான வாசலைப் பார்த்துவிடலாம். குறைதீர்ப்பாளர் எவராக இருந்தாலும், முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். மேனேஜரிடம் வாய்விட்டு அழுதது கணக்கில் வராது. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனுவும், முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு அனுப்பிய மனுவும் இதற்கு ஈடாகாது. அவை தபால்போல வங்கிக்கே திரும்பிப் போகும், அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இருக்கட்டும். அதை நம்பி வங்கிக்கு எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் வங்கியின் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் சண்டை வேண்டாம். பக்கத்துத் தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட் செய்து, ரசீதைக் கடித நகலோடு பின் அடித்து வையுங்கள். வங்கியின் இணையதளத்திலோ செயலியிலோ புகார் பதிந்தால், எண்ணும் தேதியும் தெரிகிற திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் புகார் எண் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத போன் பேச்சுக்கு மதிப்பில்லை.

அந்தச் சீலில் இருக்கும் தேதியைச் சுற்றித்தான் குறைதீர்ப்பாளர்களின் கணக்கெல்லாம்.

ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர்

வங்கிக்காரர்கள் ஆம்புட்ஸ்மேன் என்பது இவரைத்தான். முன்பு வங்கிகளுக்கு 2006ஆம் ஆண்டுத் திட்டம், நிதி நிறுவனங்களுக்கு 2018ஆம் ஆண்டுத் திட்டம், டிஜிட்டல் பரிவர்த்தனைக்கு 2019ஆம் ஆண்டுத் திட்டம் என்று மூன்று இருந்தன. 2021 நவம்பர் 12 அன்று மூன்றையும் ஒன்றாக்கி ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் தொடங்கினார்கள். அதன் பிறகு எந்த ஊர்க் குறைதீர்ப்பாளரிடம் போவது என்று தேட வேண்டியதில்லை. இணையத்தில் ரிசர்வ் வங்கியின் புகார்ப் பதிவுத் தளமான சிஎம்எஸ்ஸில் பதியலாம், காகிதத்தில் எழுதுகிறவர்கள் சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். கட்டணம் கிடையாது. நீங்களே வக்கீலாக இருந்து உங்களுக்காக வந்தால் ஒழிய, வக்கீல் வைத்து மனு போடவும் முடியாது.

2021 திட்டத்தில் காலக்கணக்கு இப்படி. புகார் கொடுத்து 30 நாளில் வங்கி பதில் சொல்லவில்லை, அல்லது மறுத்துவிட்டது, அல்லது பாதி மட்டும் ஒப்புக்கொண்டது என்றால் மேலே போகலாம். பதில் வந்திருந்தால், அது கையில் கிடைத்த நாளிலிருந்து ஒரு வருடம். பதிலே வராவிட்டால், புகார் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடமும் 30 நாளும்.

இங்கே கடிகாரம் ஓடத் தொடங்குவது பணம் போன நாளில் இல்லை, வங்கியின் பதிலில்தான். காலம் கடந்து விழித்துக்கொண்டவர்களுக்கு இது பெரிய ஆறுதல். இரண்டரை வருடத்துக்கு முன் பிடித்த தவறான கட்டணத்துக்குக்கூட இன்று வங்கிக்கு எழுதி, வருகிற பதிலை வைத்து மேலே போக வழி உண்டு. ஆனால் 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் அந்தக் கோரிக்கைக்குத் தரும் காலம் முடிவதற்குள் வங்கிக்குப் புகார் போயிருக்க வேண்டும் என்று திட்டமே ஒரு வேலி போட்டிருக்கிறது. சாதாரணப் பண வழக்குகளுக்கு அது பெரும்பாலும் மூன்று வருடம்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று அவசரம். வங்கிக்கு எழுதி பத்தாம் நாளே சிஎம்எஸ்ஸில் பதிந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே மூடிவிடுவார்கள். மற்றொன்று நினைவூட்டல் கடிதங்கள். பதில் வராத வங்கிக்கு மாதம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டே இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசிக் கடிதத்திலிருந்து ஒரு வருடம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். முதல் புகாரின் தேதிதான் பேசும்.

இந்தத் திட்டங்களை ரிசர்வ் வங்கி அவ்வப்போது மாற்றுகிறது, 2006இலிருந்து நடந்ததைப் பார்த்தாலே தெரியும். மனு போடுகிற நாளில் எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறதோ அதன் வாசகத்தை ரிசர்வ் வங்கித் தளத்தில் எடுத்து, காலவரம்புப் பத்தியை மட்டுமாவது ஒருமுறை வாசித்துவிடுங்கள். பழைய கட்டுரையின் எண்ணை நம்பி, என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நாளைக் கடத்த வேண்டாம்.

இழப்பீடு கேட்பதென்றால், 2021 திட்டத்தில் தவறின் விளைவாக ஏற்பட்ட இழப்புக்கு 20 லட்சம் வரையும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியாக ஒரு லட்சம் வரையும் வழங்கலாம். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் வேலை முடியவில்லை. அது கைக்கு வந்த 30 நாளுக்குள் "முழுத் தீர்வாக ஏற்கிறேன்" என்று எழுதிக் கொடுக்காவிட்டால் தீர்ப்பு காலாவதி. ஜெயித்த பிறகு கோட்டைவிடுவதைப் போல வேதனை வேறில்லை. கடன் கொடுக்க மறுத்தார்கள் என்பது போன்ற வங்கியின் வியாபார முடிவுகளை இவர் தொடமாட்டார். வீட்டுக்கடன் மட்டுமே கொடுக்கும் நிறுவனங்கள் மீதான புகார் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போகிறது.

நாட்களில் எண்ணும் கணக்கு

வருடங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே நாட்களில் முடிந்துபோகிற விஷயங்களையும் சொல்லிவிட வேண்டும். கணக்கிலிருந்து யாரோ பணம் எடுத்துவிட்டால், ஒரு வருடம் இருக்கிறதே என்று யோசிக்கவே கூடாது. 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியுடையதும் இல்லை உங்களுடையதும் இல்லை, நடுவில் யாரோ புகுந்துவிட்டார்கள் என்றால், வங்கியின் எஸ்எம்எஸ் வந்த பிறகு மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். எஸ்எம்எஸ் வந்த நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரைதான் உங்கள் தலையில், குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 வரை. ஏழு நாளைத் தாண்டினால் வங்கியின் சொந்தக் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான்.

ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தால், தெரிவிக்கும் வரைக்கும் போனது உங்கள் நஷ்டம். தெரிவித்த நிமிடத்துக்குப் பிறகு போவது வங்கியின் நஷ்டம். அதனால் தப்பு நம்முடையதாக இருந்தாலும் வெட்கப்பட்டு ராத்திரியைக் கடத்தக் கூடாது. வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் உடனே போன்.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்துவிட்டால், ஐந்து நாளுக்குள் திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய், நாம் கேட்காமலே வங்கி தர வேண்டும். 2019 செப்டம்பர் சுற்றறிக்கை அது. கடனை முழுதாகக் கட்டி முடித்த பிறகு வீட்டுப் பத்திரத்தை 30 நாளுக்குள் கொடுக்காவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய், 2023 டிசம்பர் 1 முதல் இந்த விதி இருக்கிறது. பத்திரத்துக்காக ஆறு மாதம் நடையாக நடந்துவிட்டு, கிடைத்ததே போதும் என்று வீட்டுக்குப் போகிறவர்களிடம் இந்தத் தொகையைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்

அண்ணாச்சியின் தடித்த உறைக்குள் இருந்தது பாலிசிப் பத்திரம். கூரியரில் வந்த நாள் 2022 மார்ச் 29. ஓரத்தைக் கிழித்து எட்டிப் பார்த்துவிட்டு, டெபாசிட் பத்திரம் என்று நினைத்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது: பாலிசி பிடிக்காவிட்டால் பத்திரம் கிடைத்த 15 நாளுக்குள் திருப்பிவிடலாம். இதை ஃப்ரீ லுக் என்பார்கள். 2024இல் எல்லாப் பாலிசிக்கும் இதை 30 நாளாக்கினார்கள். காரணம் நிரூபிக்க வேண்டியதில்லை, யாரோடும் வாதாட வேண்டியதில்லை, சிறு பிடித்தம் போக முழுப் பணமும் வந்துவிடும். இருந்த கதவுகளிலேயே மிக லேசாகத் திறந்திருக்கக்கூடியது அது. பெட்டிக்குள்ளேயே மூடிக்கொண்டது. வங்கியில் டெபாசிட் போட்டுவிட்டு வந்து, பிறகு கூரியரில் ஏதாவது உறை வந்தால், தயவுசெய்து அன்றைக்கே பிரித்து யாரிடமாவது படிக்கக் கொடுங்கள்.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இயங்குவது 2017ஆம் ஆண்டு விதிகளின்படி. நாடு முழுக்க மையங்கள் உண்டு, தமிழ்நாட்டுக்குச் சென்னை. கட்டணம் இல்லை, இங்கேயும் வக்கீல் கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அவர்கள் மறுத்தாலோ, திருப்தியில்லாத பதில் தந்தாலோ, ஒரு மாதம் பேசாமல் இருந்தாலோ இவரிடம் வரலாம். மறுத்த நாளிலிருந்து, அல்லது பதில் வராத அந்த ஒரு மாதம் முடிந்ததிலிருந்து, ஒரு வருடத்துக்குள் வர வேண்டும். 50 லட்சம் வரைக்குமான பிரச்சினைகளைப் பார்க்கலாம். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் உண்டு.

பாலிசி நிபந்தனைகளைப் பொய்யாகச் சொல்லி விற்றார்கள் என்பதும் இவர் விசாரிக்கும் வகைகளில் ஒன்று. வங்கியில் விற்றதானாலும் பாலிசி பாலிசிதான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் பதிவதை இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே பதிந்தால் புகார் கம்பெனிக்குப் போய்ச் சேரும், பதில் சொல்கிறார்களா என்று ஒழுங்குமுறை ஆணையம் கவனிக்கும். தீர்ப்பு அங்கே கிடைக்காது.

நுகர்வோர் ஆணையம்

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இரண்டு வருடம் தருகிறது. எண்ணுவது வழக்கு மூலம் எழுந்த நாளிலிருந்து. எளிமையாகச் சொன்னால், உங்களுக்குக் கெடுதல் நடந்த நாள். வங்கி பதில் சொன்ன நாள் இல்லை, நீங்கள் புகார் கொடுத்த நாளும் இல்லை.

இதை உச்ச நீதிமன்றம் எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்வேன். கண்டிமல்ல ராகவையா அன் கோ என்ற நிறுவனத்தின் புகையிலை இருந்த கிடங்கில் 1988 மார்ச்சில் தீப்பிடித்தது. சரக்கு வங்கிக்கு அடமானம், காப்பீடும் இருந்தது. காப்பீட்டு நிறுவனத்திடம் கிளெய்ம் படிவம் கேட்டு அந்த நிறுவனம் எழுதியது 1992இல். தர முடியாது என்ற பதில் 1996இல். நுகர்வோர் வழக்கு 1997இல். மறுத்த நாளிலிருந்து பார்த்தால் இரண்டு வருடம் ஆகவில்லையே என்பது அவர்கள் வாதம். 2009இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தீப்பிடித்த நாளில் ஓடத் தொடங்கிய காலம், பின்னால் வந்த கடிதத்தால் நீளாது என்றது. அது 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. இரண்டு வருடக் கணக்கு புதிய சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது.

ஆக, நீங்கள் வங்கிக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதும் இந்தக் கடிகாரம் ஓடுகிறது. குறைதீர்ப்பாளரிடம் மனு நிலுவையில் இருக்கும்போதும் ஓடுகிறது. பிந்திவிட்டால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம், போதுமான காரணம் இருந்தால் ஆணையம் அதைப் பதிவு செய்து ஏற்கலாம். ஏற்றே ஆக வேண்டும் என்று இல்லை.

இந்த வழியின் பலமும் பெரிது. சாட்சியம், குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. வங்கியையும் காப்பீட்டு நிறுவனத்தையும் ஒரே வழக்கில் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம், இரண்டு குறைதீர்ப்பாளர்களாலும் அது முடியாது. குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஆகவே அண்ணாச்சிக்குத் திருநெல்வேலியிலேயே முடியும். கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், நாமே நின்றும் வாதாடலாம். சட்டத்தில் மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாலும் நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். ஜெயித்தாலும் எதிர்த்தரப்பு 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். வயதானவர்களுக்கு இந்த அலைச்சலைச் சொல்லிவிட்டுத்தான் நான் எழுத உட்காருவேன். தொழிலுக்காக வாங்கிய வங்கிச் சேவை என்றால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு கிளப்பும், சுயதொழில் செய்து பிழைப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

எதை முதலில்

கதவுகள் எந்த வரிசையில் திறக்கும் என்பதில்தான் முடிவே இருக்கிறது. ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ ஒரே விஷயம் நிலுவையில் இருந்தால், குறைதீர்ப்பாளர்கள் இருவருமே மனுவைத் தொடமாட்டார்கள். எதிர்த்திசையில் அப்படி இல்லை. குறைதீர்ப்பாளர் தந்த முடிவில் திருப்தியில்லை, அதை முழுத் தீர்வாக ஏற்றுக் கையெழுத்தும் போடவில்லை என்றால், ஆணையத்துக்குப் போகத் தடையில்லை, இரண்டு வருடம் மிச்சம் இருக்கும்வரை. எனவே நாள் இருக்கிறவர்களுக்கு என் யோசனை எப்போதும் ஒன்றுதான்: குறைதீர்ப்பாளர் முதலில், ஆணையம் பிறகு. நாள் குறைவாக இருப்பவர்களுக்கு அந்த யோசனையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

அண்ணாச்சிக்கு நாள் குறைவு. கெடுதல் நடந்த நாள் எது என்று கேட்டால், எதிர்த்தரப்பு 2022 மார்ச் 14, கையெழுத்து போட்ட நாள் என்று சொல்லும். அப்படியானால் 2024 மார்ச் 14 அன்று ஆணையக் கதவு மூடும், அவர் என் திண்ணைக்கு வந்த நாளில் மூன்றே மாதம் மிச்சம். ஏமாற்றம் தெரியவந்த 2023 ஏப்ரல் 18 என்று நாம் வாதாடலாம், அப்போது 2025 ஏப்ரல் வரை இருக்கும். இரண்டாவது பிரீமியம் எடுத்த நாளையும் சொல்லலாம். ஆனால் வாதாட வேண்டிய தேதியை நம்பி உட்காருவதும் கையில் இருக்கும் தேதியை நம்பி உட்காருவதும் ஒன்றில்லை. ஏப்ரல் 19 அன்றே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கவலையே வந்திருக்காது என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, வங்கிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தனித்தனியாக இரண்டு கடிதம். வங்கிக் கடிதத்தில் சீல் கிடைத்தது. கம்பெனிக்கு ஸ்பீடு போஸ்ட். இருவருக்கும் ஒரே கேள்வி வைத்தோம்: அறுபத்து மூன்று வயதில், பென்ஷன் மட்டுமே வருமானமாக உள்ளவர், வருடம் ஒரு லட்சம் கட்டும் பாலிசியைத் தானே கேட்டு வாங்கினார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ப்ரபோசல் படிவத்தில் ஆண்டு வருமானம் எட்டு லட்சம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அந்த எழுத்து அண்ணாச்சியுடையது இல்லை. அவர் எழுதும் எட்டு மேலே திறந்திருக்கும், படிவத்தில் இருந்த எட்டு இரண்டு வட்டமாக மூடியிருந்தது. பஸ் டிக்கெட் கணக்கு எழுதிய பழைய டைரிப் பக்கம் ஒன்றையும் நகலெடுத்து இணைத்தோம்.

கம்பெனி ஜனவரி முதல் வாரத்தில் மறுத்தது, ஃப்ரீ லுக் காலம் முடிந்துவிட்டதாம். வங்கி 28ஆம் நாள் பதில் அனுப்பியது, வாடிக்கையாளர் விரும்பிக் கையெழுத்திட்டார் என்று.

இப்போது மூன்று கதவும் திறந்திருந்தன. ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போனால் வங்கியின் நடத்தையைக் கேள்வி கேட்கலாம், இழப்பீடும் கேட்கலாம். ஆனால் பணம் இருப்பது கம்பெனியிடம். பாலிசியை ரத்து செய், கட்டியதைத் திருப்பிக் கொடு என்று கம்பெனிக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் இல்லை. அண்ணாச்சி கேட்டதோ ஒன்றே ஒன்று. "எம் ரெண்டு லட்சம் வந்தாப் போதும் தம்பி. அவனத் தண்டிக்கணும்னு எனக்கு இல்ல." அப்படியானால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்தான் நேர்வழி. ஜனவரியிலேயே சென்னைக்கு மனு போனது.

மார்ச் 14 நெருங்கியபோது நான் தூங்கவில்லை என்று சொன்னால் மிகையில்லை. மனு இன்னும் நிலுவையில். ஆணையத்துக்குப் போனால் அந்த மனு செத்துப்போகும், போகாவிட்டால் பின்னால் ஏப்ரல் தேதியை வைத்து வாதாட வேண்டியிருக்கும். பாஸ்புக் பதிவும், படிவத்தில் இருந்த அந்நியர் எழுத்தும் வலுவான சான்று என்று எனக்குப் பட்டது. தொகை இரண்டு லட்சம், கேட்பவருக்கு அலையத் தெம்பில்லை. இரண்டு தேதியையும் அவருக்கு விளக்கி, முடிவை அவரிடமே விட்டேன். காத்திருப்போம் என்றார். இருபது லட்சமாக இருந்திருந்தால், சான்று இவ்வளவு தெளிவாக இல்லாதிருந்தால், மார்ச் 13க்குள் ஆணையத்தில் வழக்கைப் போடச் சொல்லியிருப்பேன்.

ஜூன் மாதம் வீடியோவில் விசாரணை. படிவத்தின் எட்டையும் டைரியின் எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொன்னார்கள், அண்ணாச்சி கேமரா முன்னால் இரண்டு காகிதத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார். இரு தரப்பும் சம்மதித்து சமரசமாக முடித்துக்கொள்ளலாம் என்று கம்பெனித் தரப்பு முன்வந்தது: பாலிசி ரத்து, இரண்டு பிரீமியமும் திருப்பி, வட்டி இல்லை.

பரிந்துரைக் கடிதம் ஜூலையில் ஸ்பீடு போஸ்ட்டில் வந்தபோது அவர் கோவையில் மகள் வீட்டில் இருந்தார், பேத்திக்குப் பெயர் வைக்கப் போனவர். பக்கத்து வீட்டு அக்கா வாங்கி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். சமரசப் பரிந்துரையை ஏற்பதாக எழுதி அனுப்ப விதியில் இருப்பது 15 நாள். கடிதம் வந்து பதினோராம் நாள் ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, காலையில் குளிக்காமல்கூட என் திண்ணைக்கு வந்து கையெழுத்துப் போட்டார். தபால் நிலையம் திறக்கும் முன்பே இருவரும் வாசலில் நின்றிருந்தோம்.